கிளிக்கும் தப்பும்

எங்க பக்கம் அந்த மேளத்துக்குத் தப்பு என்றுதான் பேர். பறை என்கிற பேர் மேடைகளில் புழங்கி, அதுக்கப்புறம்தான் எங்க காலனிக்குள் வந்தது. தப்பு என்றால் பிழை என்றும் பொருள் வருவதை வைத்து ஊர்க்காரர்கள் அடித்த நையாண்டி கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மிஷினும் அதையே சொல்லும் என்பதுதான் எனக்குப் புதுசு.

சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம். பேர் வேண்டாம். சாத்தூர்ப் பக்கமிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அதில் ஒருத்தர் எனக்குச் சித்தப்பா முறை, நாற்பது வருசமாக அடிக்கிறவர். டிரம் மிஷினில் ஏற்கெனவே ஒரு பீட் போட்டு வைத்திருந்தார்கள். அதன்மேல் இவர்களை ஒட்டவேண்டும். காதில் ஹெட்போனை மாட்டி, ‘டிக் டிக்’கென்று கிளிக்கை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து அடிக்கச் சொன்னார்கள். மூன்றாவது டேக்கில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: “இவங்களுக்குத் தாளம் நிக்கல சார். விடுங்க, சாம்பிள் வச்சு நாங்களே பாத்துக்கறோம்.”

சித்தப்பா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏப்பா, இது யாரு நடக்குற நடை?”

அவர் கேட்டதில் விசயம் இருக்கிறது. தப்பில் எந்த அடியும் சும்மா அந்தரத்தில் நிற்பதில்லை. சப்பரத்து அடி, சப்பரம் தூக்குகிறவர்களின் தோள் கனத்துக்குத் தக்கபடி போகும். சாவு ஊர்வலத்தில் பாடை தூக்கினவர்கள் மேட்டில் ஏறினால் அடி தளரும், இறக்கத்தில் கூடும். மருள் அடியை ஒரே வேகத்தில் நிறுத்தினால் சாமி வராது. சாமியாடியின் காலைப் பார்த்துக்கொண்டே கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகவேண்டும். வலதுகை அடிக்குச்சியும் இடதுகைச் சிம்புக்குச்சியும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போகிறபோது, சில அடி மயிரிழை பிந்தி விழுவதுதான் அதன் அழகு.

மிஷின் கணக்கு வேறு. நிமிசத்துக்கு 120 என்று வைத்தால் ஒரு எண்ணிக்கைக்கு அரை வினாடி. அதை நாலாக அரிந்தால் ஒரு கட்டம் 125 மில்லி வினாடி. அடி முப்பது மில்லி வினாடி பிந்தினால், குவாண்டைஸ் என்கிற பட்டன் அதைப் பிடித்து இழுத்துக் கட்டத்தில் உட்காரவைக்கும். ஏன் பிந்தினாய் என்று கேட்காது. 1980இல் ரோஜர் லின் செய்த எல்எம்-1 டிரம் மிஷினில் இந்த வசதி இருந்தது. கூடவே அடியைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிற ஸ்விங்கும் இருந்தது. கறுப்பர்களின் இசை ஆடி ஆடி நடக்கிற நடை அந்த நாட்டுக் காதுகளில் ஏறியிருந்தது, அதனால் மிஷினுக்குள்ளும் ஏறியது. எங்க நடை எந்த மிஷின்காரன் காதில் ஏறியது?

மெட்ரோனோம் என்கிற சாமானின் கதையும் யோக்கியமானதில்லை. ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் 1814இல் அதைக் கண்டுபிடித்தார். மெல்ட்செல் என்பவர் அதை எடுத்து, அளவுக்கோடு போட்டு, 1815இல் தன் பேரில் பதிந்துகொண்டார். இன்றைக்கும் மெல்ட்செல் பேர்தான் நிற்கிறது. உழைத்தவன் ஒருத்தன், பேர் ஒருத்தனுக்கு என்பது நமக்குப் பழகின கதை. சாம்பிள் என்பதும் அதுதானே. எவனோ ஒரு சேரிக்காரன் ஒருநாள் அடித்த அடி. பட்டனை அமுக்கினால் ஆயிரம் பாட்டில் விழும். அவனுக்குப் பேரும் இல்லை, கூலியும் இல்லை. அந்த நாலு பேரும் அன்றைக்குப் பஸ் காசோடு திரும்பி வந்தார்கள்.

கிளிக் எங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. சிவகாசிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அது வேறு ரூபத்தில் பழக்கம். எங்கம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினாள். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பெட்டி ஒட்டினால் 144க்கு ஒரு குரோஸ். கை பிந்தினால் காசு பிந்தும். விடியுமுன்னே ஆபீஸ் வண்டி வந்து சின்னப் பிள்ளைகளைத் தூக்கத்தோடு அள்ளிக்கொண்டு போன காலம் அது. பயர் ஆபீசில் சரம் பின்னுகிற பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்தவர்கள் யாரும் எங்களுக்குத் தாளம் நிற்காது என்று சொல்லமாட்டார்கள். (2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. அந்த விரல்கள் அதுக்கப்புறம் என்ன செய்யும் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை.)

இதைச் சொன்னால் சில தோழர்கள், “கிளிக்கே வேண்டாம், அது ஆதிக்கத்தின் கருவி” என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தப்பையே தூக்கி எறி என்று சொன்னவர்களும் நம்மவர்கள்தான். தென்னாற்காட்டில் இளையபெருமாள் பறையடிக்கக்கூடாது என்று இயக்கமே நடத்தினார். அடிமை வேலையாக அடித்தவர்களுக்கு அந்தக் கோபம் நியாயம். பிறகு அதே பறை விடுதலையின் சத்தமாகத் திரும்பி வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது கிதாரும் டிரம்ஸும் கானாவும் ஒன்றாய் நின்றன. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருதுநகர்ப் பையன்களுக்கு ஸ்டூடியோ வேலை வேண்டுமென்றால் கிளிக்கோடு அடிக்கத் தெரிந்தே ஆகவேண்டும். தெரியாததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நம்மால் ஆகாது. ஆனால் அது ஒரு வேலைக்கான பழக்கம். தாளம் உண்டா இல்லையா என்று அளக்கிற தராசு அதுவல்ல.

நாங்கள் இப்போது ஊரில் வேறு மாதிரி செய்கிறோம். முதலில் கிளிக் இல்லாமல் பெரியவர் அடிக்கிறார். அதைக் கம்ப்யூட்டரில் பதிந்து, ஒவ்வொரு எண்ணிக்கையும் விழுகிற இடத்தில் கோடு போடுகிறோம். அப்புறம் மிஷின் அந்தக் கோடுகளின் பின்னால் ஓடுகிறது. வேகம் கூடினால் கூடும், தளர்ந்தால் தளரும். நாலு நிமிச அடிக்குக் கோடு போட ஒரு ராத்திரி போகிறது. கண் எரிகிறது. செலவு பெரிதாக இல்லை. தோலைக் காய்ச்ச வைக்கோல் தீ மூட்டத்தான் வழியில்லை; சுற்றிலும் பட்டாசுக் கிட்டங்கி. அதனால் பாதிப் பதிவுக்குத் தோல் இல்லாமல் பைபர் தட்டுதான், சித்தப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

சாமிச்சாட்டும் சப்பரத்து அடியும் பதிந்தாகிவிட்டது. சாவு அடிதான் பாக்கி. சாவு விழாத வீட்டுக்குள் உட்கார்ந்து அதை அடிக்கமாட்டேன் என்கிறார் அவர். பையன்கள், அதெல்லாம் மூடநம்பிக்கை, நாங்களே அடிச்சுப் பதியிறோம் என்கிறார்கள். பங்குனிப் பொங்கல் முடியட்டும், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.