அளவுச் சட்டை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி. கிண்ணத்தை உயர்த்திய வேளையில் நம் வலது கக்கத்தில் 'சர்'ரென்று ஓர் ஓசை எழுந்தது. திருவுடைக்கு உள்ளே அணிந்திருந்த அங்கி கிழிந்துவிட்டது. மக்கள் அறியவில்லை, பீடச் சிறுவன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அது புத்தம்புது அங்கி. நேரில் சென்று அளவு கொடுக்கச் சோம்பி, பழைய அங்கி ஒன்றை அளவுச் சட்டையாகக் கொடுத்தனுப்பி வெளியூரில் தைத்து வாங்கியிருந்தோம். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு குஜிலியம்பாறைக் கடைவீதியில் இருந்த ஒரு தையற்கடைக்குச் சென்றோம். தையற்காரர் நம்மினும் மூத்தவர், வேறு சமயத்தவர். ஒரு தையல் எந்திரம், ஒரு வெட்டுமேசை, சுவரில் ரசம் போன ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் கடை.

அங்கியை அணியச் சொல்லி நம்மைச் சுற்றி வந்தார். கண்ணாடியில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. "நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லாத் துணியும் பொருந்தும் சாமி. கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினோம். முதுகு இறுகியது, அங்கி முழுவதும் முழங்காலை நோக்கி எழுந்தது. அவர் சிரித்தார்.

அன்று அவர் நமக்கு ஒரு சிறு பாடமே நடத்தினார். தோள் தையல் தோளெலும்பு முடியுமிடத்தில் முடிய வேண்டும். கையின்மீது வழிந்தால் அது இரவல் சட்டை போலத் தோன்றும். கழுத்துப் பொத்தானைப் போட்ட பிறகும் பட்டிக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். மார்புப் பொத்தானைச் சுற்றிக் குறுக்கே சுருக்கம் விழுந்தால் இறுக்கம். முதுகில் நெடுக்கே மடிப்புத் தொங்கினால் தளர்ச்சி. கைக்குழியைப் பற்றி அவர் சொன்னதுதான் நமக்குப் பெரும் வியப்பு. தாராளமாக இருக்கட்டும் என்று குழியை ஆழமாக வெட்டினால், கை உயரும்போது உடை முழுவதும் கூடவே எழுந்துவிடும். குழி கக்கத்தை ஒட்டி மேலே அமைந்தால்தான் கை தன் வழியே எழும். உடை தன் இடத்தில் நிற்கும்.

"தச்சவர் மேல குத்தமில்ல சாமி. நீங்க அனுப்பின அளவுச் சட்டைக்கு அவரு சரியாத்தான் தச்சிருக்காரு. அந்தச் சட்டை தச்ச உடம்புதான் இப்ப இல்ல" என்றார்.

நாமும் சிரித்தோம். பேச்சு இளைஞர்களின் உடை பற்றித் திரும்பியது. காலோடு ஒட்டிய காற்சட்டை, கணுக்காலுக்கு மேலே நிற்கும் நீளம் என்று நாம் குறைப்பட்டுக்கொண்டோம். மூன்று வாரங்களுக்கு முன் இதைப் பற்றி மறையுரையிலேயே பேசியதையும் சற்றுப் பெருமையோடு சொன்னோம். திருமண ஆடையின்றி விருந்துக்கு வந்தவனைப் பற்றிய உவமையை எடுத்து, கோயிலின் பின்வரிசையில் நின்றவர்களை நோக்கி, "இதோ, இன்றும் அப்படித்தான் சிலர் வந்து நிற்கிறார்கள்" என்று கூறியிருந்தோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் நம் கண் போன திசையை எல்லாரும் கண்டார்கள். சாம்பல் நிறக் காற்சட்டை அணிந்த ஒரு பதினாறு வயதுப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த இரு ஞாயிறுகளில் அவன் வரவில்லை.

தையற்காரர் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு காற்சட்டையை எடுத்து, கால் விளிம்பை உட்புறமாகத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறம். விளிம்புக்கு மேலே இரண்டு பழைய மடிப்புக் கோடுகள், வெளுக்காத நிறத்தோடு, தழும்பு போல ஓடின.

"ரெண்டு தடவை பிரிச்சு இறக்கிக் குடுத்துட்டேன் சாமி. இடுப்புலயும் பிரிச்சாச்சு. இதுக்கு மேல உள்ள துணி இல்ல."

அவர் யாருடையது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பங்கு இல்லத்திற்குத் திரும்பிய இரவில் உறக்கம் வரவில்லை. நம் உடைகளின் வரலாற்றையே நினைத்துக்கொண்டிருந்தோம். நம் தந்தையார் வயலுக்கு நான்கு முழ வேட்டியும் ஞாயிறு திருப்பலிக்கு எட்டு முழ வேட்டியும் கட்டினார். வேட்டிக்குத் தையற்காரர் வேண்டாம். உடல் பெருத்தாலும் மெலிந்தாலும் அது இடம் கொடுக்கும். தைத்த உடைதான் ஒருநாளைய உடலை உறையவைத்துவிட்டு, பிறகு அதற்கு நாம் பொருந்தவில்லை என்று குற்றம் சாட்டுகிறது. 1990-களின் தொடக்கத்தில், குருமட மாணவராக விடுமுறைக்கு வந்த நாம், இடுப்பில் மடிப்பு வைத்த தொளதொளத்த 'பேகி' காற்சட்டை அணிந்து நின்றபோது, முதிய பங்குத்தந்தை, "என்னப்பா, ரெண்டு கோணிப்பையைச் சேத்துத் தச்சுட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். அத்தோடு விட்டுவிட்டார். பீடத்தில் ஏறி அவர் நம்மைத் தைக்கவில்லை.

நம் திருச்சபையும் உடைபற்றி நெடுங்காலம் சிந்தித்தே வந்துள்ளது. கி.பி. 428-இல் திருத்தந்தை முதலாம் செலஸ்தீன், தெற்குக் கால் நாட்டு ஆயர்களுக்கு எழுதிய மடலில், மேய்ப்பர்கள் மக்களிடமிருந்து போதனையாலும் ஒழுக்கத்தாலும் வேறுபட வேண்டுமேயன்றி உடையால் அன்று என்று கண்டித்தார். 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் ஐரோப்பியக் கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். அவர் ஏற்ற உடையும் வழக்கங்களும் கடும் விவாதத்திற்கு உள்ளாயின. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் பண்டாரசுவாமியின் கோலத்திலேயே எளிய மக்களிடம் சென்றார். இவர்கள் உரோமையிலிருந்தோ லிஸ்பனிலிருந்தோ கொண்டுவந்த அளவுச் சட்டையைத் தமிழருக்குப் போட்டுப் பார்க்கவில்லை. தமிழரின் அளவைத் தம் உடலில் எடுத்துக்கொண்டார்கள்.

காந்தியடிகளின் உடை வரலாறும் நினைவுக்கு வந்தது. 1888-இல் இலண்டன் சென்ற இளைஞர், பம்பாயில் தைத்த உடை அங்கே பொருந்தாது என்று கருதி, பாண்ட் தெருவில் 10 பவுன் செலவில் மாலை உடை தைத்துக்கொண்டார். அதே மனிதர் 1921 செப்டம்பர் 22 அன்று, நம் பக்கத்து மதுரையில், இடுப்பில் முழத்துண்டோடு வெளியே வந்தார். கதர் வாங்கவும் தங்களிடம் வசதியில்லை என்று ஏழைகள் சொன்ன சொல்லே அவரை அந்த முடிவுக்குத் தள்ளிற்று. இருப்பவரின் அளவை விட்டு இல்லாதவரின் அளவுக்கு அவர் வந்து சேர 33 ஆண்டுகள் ஆயின.

இவற்றையெல்லாம் கற்றும் கற்பித்தும் இருந்த நாம், ஒரு பையனின் கணுக்காலைக் கண்டவுடன் அதற்கு 'நாகரிக மோகம்' என்று பெயர் சூட்டிவிட்டோம். எந்த அளவையால் அளக்கிறோமோ அதே அளவையால் நாமும் அளக்கப்படுவோம் என்ற ஆண்டவரின் எச்சரிக்கை, கிழிந்த கக்கத்தின் வழியாகவே நம்மை வந்தடைந்தது.

மறுநாள் மாலை அவன் வீட்டிற்குச் சென்றோம். அவன் தாய் நூற்பாலை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சுத் துகள் இன்னும் இருந்தது. நாம் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் பதறிப்போனார். "ஐயோ, விடுங்க சாமி. வருசத்துக்கு ஒண்ணு எடுக்குறதுதான். அவன்தான் அதுக்குள்ள வளந்துடுறான்" என்றார்.

சாமுவேலின் தாய் அன்னாவை அவ்வேளையில் நினையாதிருக்க முடியவில்லை. சீலோவில் ஆண்டவருக்கென்று விட்டுவந்த மகனுக்கு அவர் ஆண்டுதோறும் ஒரு சிறு மேலாடை தைத்துக் கொண்டுபோவார் என்று சாமுவேல் முதல் நூல் கூறுகிறது. கண்ணெதிரே இல்லாத பிள்ளை இவ்வாண்டு எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று நினைத்து நினைத்து அந்தத் தாய் அளவெடுத்திருப்பார். பழைய மேலாடையே அவருக்கு அளவுச் சட்டையாக இருந்திருந்தால், ஒவ்வோர் ஆண்டும் அது சிறுத்தே போயிருக்கும். அன்பு வளர்ச்சிக்குத் துணி விட்டுத் தைக்கிறது.

பையன் வாசற்படியில் நின்றான். "தம்பி, நாங்கள் தவறாகப் பேசிவிட்டோம். மன்னித்துக்கொள்" என்றோம். அவன் தரையைப் பார்த்தபடி, "பரவால்ல ஃபாதர்" என்றான். புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறோம் என்று சொல்ல வாயெடுத்தோம். அவன் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டோம். அதைச் சொல்லியிருந்தால் இரண்டாம் முறையும் அவனைச் சுட்டிக்காட்டியவர்கள் ஆகியிருப்போம்.

ஆனால் கடன் ஒன்று எஞ்சியிருந்தது. ஒருவருடைய நற்பெயரைப் பலர் முன்னிலையில் பறித்தவர் பலர் முன்னிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்பது குருமடத்தில் நாம் கற்ற அறநெறி. அடுத்த ஞாயிறு, அதே பீடத்திலிருந்து, யார் பெயரும் குறிப்பிடாமல், நாம் கூறியது தவறு என்றும், உவமையின் திருமண ஆடை தையற்கடையில் கிடைப்பதன்று என்றும் கூறினோம். சொல்லும்போது குரல் சற்றுத் தடுமாறியது. பின்வரிசையைப் பார்க்கவில்லை. திருவிருந்துக்கு வந்தவர்களுள் சாம்பல் நிறக் காற்சட்டை ஒன்று இருந்தது.

அத்தையற்காரர் கால் உயரம் அளக்கும்போது தரையில் மண்டியிட்டுத்தான் அளப்பார். மேலே நின்றுகொண்டு பார்த்தால் அளவு தவறிவிடும் என்பார். பீடம் உயரமான இடம். அங்கிருந்து உடைகள் நன்றாகத் தெரியும்; உள்ளே மடித்துவைத்த துணி தீர்ந்துவிட்டதா என்பது மட்டும் தெரியாது.

அப்பையன் இப்போது வேலைக்குச் செல்கிறான். அண்மையில் ஒரு திருவிழாவில் நம்மைக் கண்டு ஓடிவந்தான். தரையைத் தொடும் தொளதொளத்த காற்சட்டை! 1990-களின் அதே கோணிப்பை திரும்பி வந்துவிட்டது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, "எங்கே தைத்தாய்?" என்று மட்டும் கேட்டோம்.

"ரெடிமேடு ஃபாதர். கால் மட்டும் நம்ம தாத்தாதான் மடிச்சுத் தச்சுக் குடுத்தாரு. இனிமே எங்க வளரப் போறேன்னு சொன்னாலும் கேக்கல, உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்காரு" என்று சிரித்தான்.