இதைப் படிச்சுப் பாருங்க

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில், வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் உடனே அலமாரிக்குப் போவதில்லை. நூலகரின் மேசை ஓரத்தில் கொஞ்ச நேரம் அடுக்கி இருக்கும். உள்ளே வருகிறவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, “இதைப் படிச்சுப் பாருங்க” என்று நூலகர் அம்மா நீட்டுவார். அவர் நீட்டுவது எப்போதும் தாமே படித்த புத்தகமாகத்தான் இருக்கும்.

செய்தித்தாள் பார்க்க மட்டுமே வந்துகொண்டிருந்த, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு ஏ.கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகளைக் கொடுத்தார். காந்தியைப் பற்றிய படச்சுருள்களை உலகெங்கும் அலைந்து திரட்டி, 1940-இல் ஆவணப்படமாக வெளியிட்டவர் செட்டியார். வாழ்நாளெல்லாம் சாலையில் இருந்தவருக்கு அந்த எழுத்து எப்படிப் பிடிக்காமல் போகும்? தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தே பொழுது போகிறது என்று அலுத்துக்கொண்ட ஒரு பெண்ணிடம் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ போய்ச் சேர்ந்தது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தையும் ஜமுனா என்ற பெண்ணின் தவிப்பையும் சொல்லும் நாவல் அது. தன் தெருவின் கதை புத்தகமாக வந்திருக்கிறது என்று அவர் இன்னும் நான்கு பேரிடம் சொன்னார்.

என் தந்தைக்கு அந்த நூலகர் செய்ததை நான் மறக்க முடியாது. என் அம்மா மறைந்த பிறகு அப்பா வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார். வற்புறுத்தித்தான் நூலகத்துக்கு அழைத்துப் போனேன். நூலகர் அவரிடம் துக்கம் விசாரிக்கவில்லை. “ஐயா, உங்க வீட்டு மாடியில காலையில என்னென்ன பறவை வருது?” என்று கேட்டார். காக்கையைத் தவிர எதுவும் அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. தியடோர் பாஸ்கரன் தொகுத்த, மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலைக் கையில் கொடுத்து, “தினமும் பார்க்கிறதை ஒரு நோட்டுல எழுதி வையுங்க. அடுத்த தடவை எனக்குக் காட்டணும்” என்றார். கிருஷ்ணன் 1950 தொடங்கி 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதியவர். அப்பாவின் நோட்டில் தவிட்டுக்குருவி வந்தது, தையல்சிட்டு வந்தது, செம்போத்து வந்தது. எந்த மருந்துச் சீட்டும் தராத ஒரு காலைப் பொழுதை ஒரு நூலகர் அவருக்குத் தந்தார்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகம் என்றாலே ஆளுக்கேற்ற நூலைக் கொண்டு சேர்க்கும் இந்த வேலைதான் என்று எண்ணியவர். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், நூல் ஒவ்வொன்றும் தனக்கான வாசகரை அடைய வேண்டும் என்பவை. நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லிவிடும். அது யாருக்கு உரியது என்பதை ஆளையும் நூலையும் அறிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வாசகரைத் தேடி மாட்டுவண்டியில் புத்தகங்கள் போயின. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். நாம் சொத்து வரியோடு நூலக வரி கட்டுவது அந்த வழியில் வந்த ஏற்பாடுதான்.

கைபேசியும் பரிந்துரை செய்கிறது. நேற்று பார்த்ததைப் போன்ற ஒன்றையே இன்றும் காட்டுகிறது. பறவையைத் தேடியே இராத என் தந்தைக்கு அது பறவையைக் காட்டியிருக்காது.

நம் கிளை நூலகங்கள் பலவற்றில் ஒரே ஒருவர்தான் கதவைத் திறந்து, பதிவேடு எழுதி, புத்தகம் அடுக்கி, கணக்கும் பார்க்கிறார். அவருக்குப் படிக்க நேரம் எங்கே? வாசகரோடு பேச நேரம் எங்கே? நூலகங்களின் காலிப் பணியிடங்களை நிரப்புவது நிர்வாகச் சங்கதி மட்டுமல்ல, வாசிப்பின் உயிர்நிலையே அதில்தான் இருக்கிறது. வெளிநாட்டு நூலகங்கள் பலவற்றில், ஊழியர்களுக்குப் பிடித்த நூல்களுக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கி, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதிச் செருகி வைக்கிறார்கள். இதற்குப் பெரிய செலவு எதுவுமில்லை. ஒவ்வொரு வாசகர் வட்டமும் தன் நூலகருக்குத் துணை நின்று இதைச் செய்யலாம். கோடை விடுமுறையில் பல நூலகங்கள் நடத்தும் கதை சொல்லலையும் ஓவியத்தையும் சதுரங்கத்தையும் ஆண்டு முழுவதும் நடத்தவும் அந்த வட்டங்கள் முன்வரலாம்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது, “சமீபத்துல நீங்க படிச்சதுல எது பிடிச்சது?” என்று நூலகரிடம் கேளுங்கள். அவர் தருவதைப் படியுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது எப்படி இருந்தது என்று மறக்காமல் சொல்லுங்கள். அடுத்தவருக்குச் சரியான நூலை எடுத்துக் கொடுக்க அவருக்கு அந்தச் சொல் உதவும்.