அருவிக்கு முன் அடையாறு

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ இருக்கும் ஒரு குடும்பம், பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு காட்டுக்குள் சிறிது நடந்து ஓர் அருவியைப் பார்த்துவர நினைத்தால், ஆந்திர எல்லையைத் தாண்டியாக வேண்டும். சென்னை கடலோரச் சமவெளி. அருவி விழ மலை வேண்டும். பக்கத்தில் இருப்பவை நகரி, நாகலாபுரம் மலைகள்தான். கைலாசகோனாவும், தடா அருவி என்று நம்மவர்கள் சொல்லும் உப்பலமடுகுவும் வாரயிறுதிப் பயணப் பட்டியல்களில் தவறாமல் வருவது அதனால்தான். இரண்டையும் சேர்த்து, எந்த மாதமும் ‘குடும்பத்தோடு போகலாம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பரிந்துரை ஆண்டில் சில வாரங்களுக்கு மேல் செல்லாது; காட்டு நடைதான் வேண்டும் என்றால் அதற்கு முதலில் போகவேண்டிய இடம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கட்சி.

காரணம் மழைக்கணக்கு. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். வடக்கே உள்ள அந்த மலை ஓடைகள் கரைபுரள்வதும் அந்தப் பருவத்தில்தான். பள்ளிக்கு நீண்ட விடுமுறை கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் பாதை காய்ந்து கிடக்கும், நடப்பது சுலபம். ஆனால் தண்ணீர் பல இடங்களில் நூலாக இளைத்திருக்கும். நவம்பரில் தண்ணீர் நிறைய இருக்கும். ஆனால் ஓடையையும் பாறைகளையும் கடந்து ஏறவேண்டிய உப்பலமடுகு போன்ற பாதையில், பாசி வழுக்கும், நீர்மட்டம் சொல்லாமல் ஏறும். பாதை எளிதாக இருக்கும்போது அருவி இல்லை. அருவி இருக்கும்போது பாதை எளிதில்லை. இரண்டும் ஓரளவு கூடிவருவது மழை ஓய்ந்து ஓடை வற்றாத ஜனவரியில்.

‘ஆயிரக்கணக்கானவர்கள் போய் வருகிறார்களே, இவ்வளவு யோசிக்க வேண்டுமா?’ என்று கேட்கலாம். போய் வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால், காவலும் கூட்டமும் பழகிப்போன குற்றாலத்திலேயே, 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவியின் ஆபத்து நாம் நிற்கும் இடத்தில் பெய்யும் மழையில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மேல்மலையில் பெய்யும் மழையில் இருக்கிறது. சரி, காய்ந்த மாதத்தில் காட்டை மட்டுமாவது சுற்றலாம் என்றால், அதற்கும் 2018 மார்ச் 11 பதில் சொல்லிவிட்டது: தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, சென்னையிலிருந்து மலையேறப் போனவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இதற்காக அருவியே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. சாலைக்குப் பக்கத்திலேயே, படிக்கட்டு வழியாகச் சென்றடையும் கைலாசகோனாவையும், மணிக்கணக்கில் ஓடையோடு போராட வேண்டிய பாதைகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்கிறேன்.

காட்டுக்குள் நடப்பதுதான் விருப்பம் என்றால், கிண்டியையும் அடையாற்றையும் விட்டுவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்காருவதில் நியாயம் குறைவு. கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர். சோழமண்டலக் கரையோரத்தில் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். வெளிமானும் புள்ளிமானும் அங்கே இன்னும் மேய்கின்றன. அதை ஒட்டிய சிறுவர் பூங்காவில் சின்னப் பிள்ளைகளும் களைக்காமல் நடக்கலாம். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில், 1989 புயலில் நடு அடிமரம் சாய்ந்த பிறகும், பெரிய ஆலமரம் விழுதுகளின் பலத்தில் நிற்கிறது. தண்ணீர் பார்க்க வேண்டுமா? அடையாறு கழிமுகத்தை ஒட்டி, 2011-இல் திறக்கப்பட்ட 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ப நீர் உயர்ந்து தாழ்வதையும், அதில் பறவைகள் இரைதேடுவதையும் அந்தக் கழிமுகம் கற்றுத்தரும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கிண்டிக் காட்டின் பெரும்பகுதிக்குள் பொதுமக்கள் போக முடியாது, மற்ற இரண்டு இடங்களிலும் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. உண்மைதான். ஆனால் அந்தக் காடு ஏன் இவ்வளவு சுருங்கியது என்று பார்க்க வேண்டும். 1950-களிலிருந்து ஐ.ஐ.டி.க்கும், சிறுவர் பூங்காவுக்கும், காந்தி, காமராஜர், ராஜாஜி நினைவிடங்களுக்கும் நிலம் எடுத்த பிறகு எஞ்சியதே 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. இருக்கிற கொஞ்சத்தில் தினமும் நாமும் புகுந்தால் மான்கள் ஒதுங்க இடம் இருக்காது. ஆகவே அந்த வேலியை நான் ஆதரிக்கிறேன். ‘பிள்ளைகள் கேட்பது குளிக்கத்தானே’ என்பது அடுத்த மறுப்பு. கழிமுகத்தில் குளிக்க முடியாது. அந்த ஆசைக்கு ஈடாக எதையும் நகரம் தராது. அதற்குத்தான் ஜனவரி.

ஆகவே காட்டையும் அருவியையும் ஒரே நாளில் கேட்காமல் இரண்டு பயணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நுழைவு நேரத்தை விசாரித்துக்கொண்டு முதலில் கிண்டிக்கும் அடையாற்றுக்கும் போங்கள். பொங்கல் விடுமுறையின் கூட்டம் கலைந்த பிறகு, மலைப்பக்கம் முந்தின இரண்டு மூன்று நாட்களாக மழை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கைலாசகோனாவுக்குக் காலையிலேயே கிளம்புங்கள். மேலே மேகம் கறுத்தால் குளிக்காமலே திரும்பிவிடுங்கள்.