நீலச் சிலிண்டர்

கலைப்பட்டதாரியான எனக்கு, விஞ்ஞானம் என்பது மற்றவர்கள் எழுதித் தர நான் ஒப்புநோக்கும் விடயமாகவே நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் சமையல் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது, அச்செய்திகளைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. புரொப்பேன், பியூட்டேன் என்ற இரு சொற்களையும் அந்நாட்களில் நூறு தடவைகளாவது எழுதியிருப்பேன். சிலிண்டரில் இவற்றின் விகிதம் மாற்றப்பட்டதா என்பதே அன்று நாடெங்கும் எழுந்த கேள்வி. ஜனாதிபதி ஒரு குழுவையும் நியமித்தார். எழுதினேனே தவிர, அச்சொற்களின் பொருளை நான் உணர்ந்தது 2024 மார்ச்சில், ஸ்கொட்லாந்தின் மலைகளுக்கு நடுவே, ஒரு வானுக்குள் பற்கள் கிடுகிடுக்க இருந்த ஓர் இரவில்தான்.

லண்டனில் வசிக்கும் என் தங்கையின் மகன் பழைய கேம்பர் வான் ஒன்றை வாங்கியிருந்தான். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஹீற்றர் எல்லாம் அடங்கிய, சில்லுகளின் மேல் ஒரு சிறு வீடு அது. "மாமா, ஹோட்டலில் தங்கி ஊர் பார்த்தால் ஊர் தெரியாது" என்று சொல்லி, மனைவி, ஆறு வயது மகள் சகிதம் என்னையும் ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டான். கெயர்ன்கோர்ம் மலைப்பகுதியில், அவிமோர் என்ற சிற்றூருக்கு அண்மையில் வானை நிறுத்தினோம். பிரித்தானியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலைகளுள் ஒன்று, பூச்சியத்துக்குக் கீழே 27.2 பாகை, அம்மலைப்பகுதியிலுள்ள பிரேமாரில் பதிவானது. இந்தத் தகவலை மருமகன் பெருமையுடன் சொன்னான். எனக்குப் பெருமையாக இருக்கவில்லை.

பொழுதுபடும் வேளையில் ஹீற்றர் நன்றாகவே வேலை செய்தது. வெளியே கரி அடுப்பில் கோழி வாட்டி உண்டோம். இரவு பதினொரு மணியளவில் குளிரில் விழித்துக்கொண்டேன். ஹீற்றர் அணைந்திருந்தது. தொலைபேசி வெளியே பூச்சியத்துக்குக் கீழே 5 பாகை என்றது. குழந்தை தாயோடு ஒட்டிக்கொண்டு முனகினாள்.

மருமகன் டோர்ச்சுடன் தரையில் படுத்து ஆராயத் தொடங்கினான். அது குமிழை அழுத்திப் பிடித்துச் சுவாலையைப் பற்றவைக்கும் பழைய வகை. சுவாலையின் அருகே ஒரு வெப்பவிணை இருக்கிறது. சூடேறும்போது அது மிகச் சிறிய மின்னழுத்தத்தை, வெறும் சில பத்து மில்லிவோல்ற்றுகளை, உண்டாக்கும். அந்தச் சிறு மின்தான் எரிவாயு வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. சுவாலை அணைந்தால் மின் நிற்கும். வால்வு தானாக மூடிக்கொள்ளும். எவ்வளவு அடக்கமான காவலாளி! வெப்பவிணை பழுதாகிவிட்டது என்று மருமகன் தீர்ப்பளித்தான். மூடியைக் கழற்றி, அதன் முனையைத் துடைத்து, இணைப்பை இறுக்கினான். மீண்டும் பற்றவைத்தபோது ஒரு மெல்லிய சுவாலை எழுந்து, சுருங்கி, அணைந்தது.

அந்த இடைவேளையில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். வெளியே கரி அடுப்பின் சாம்பலுக்குள் தணல் இன்னும் சிவந்திருந்தது. குழந்தையின் முனகலைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கி, அடுப்பைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து, வானின் படியில் ஒரு காலை வைத்தேன்.

"மாமா! அதை உள்ளே கொண்டு வராதேங்கோ!"

மருமகள் மருத்துவமனைத் தாதி. அவ்வளவு உரத்து அவர் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடுப்பை வாங்கிப் புல்வெளியில் தூரமாக வைத்துவிட்டு வந்துதான் விளக்கினார். கனலும் கரி காபனோரொட்சைட்டை வெளிவிடும். நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்போடு அது சேர்ந்துகொள்ளும். தலைவலி வரலாம், தூக்கம் வரலாம். பிறகு எழும்ப மாட்டோம். ஹீற்றர் அப்படியல்ல. எரிவதற்கான காற்றைத் தரைக்குக் கீழிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிறது. உள்ளிருப்போர் சுவாசிக்கும் காற்றுடன் அதற்குத் தொடர்பே இல்லை.

வெட்கத்துடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்து உறங்கியோர் விழிக்கவில்லை என்ற செய்திக்கு நானே தலைப்பிட்டிருக்கிறேன். இரண்டு பத்திச் செய்தி. தலைப்பு நன்றாக அமைந்ததாக அன்று திருப்தியும் அடைந்திருந்தேன். வானில் காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்று இருந்ததே என்று பின்னர் அதைக் கழற்றிப் பார்த்தோம். பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்த காலாவதித் திகதி கடந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன.

பழுதைக் கண்டுபிடித்ததும் மருமகள்தான், அதுவும் தற்செயலாக. குழந்தைக்குப் பால் சுடவைக்க அடுப்பைத் திருகினார். அங்கும் சுவாலை மிளகளவில் எழுந்து மறைந்தது. அப்படியானால் ஹீற்றரில் பிழையில்லை. வெப்பவிணை பழுதென்றால் குமிழைக் கைவிடும்போதுதான் சுவாலை அணைய வேண்டும். இங்கோ அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது செத்தது. வாயுதான் வரவில்லை. ஆனால் பெட்டகத்தைத் திறந்து சிலிண்டரை அசைத்தால் உள்ளே திரவம் தளும்பியது. பாதிக்கு மேல் இருந்தது. டோர்ச் வெளிச்சத்தில் அதன் நீல நிறத்தைக் கண்டேன்; மேலே எழுதியிருந்த சொல்லைப் படித்தேன். பியூட்டேன்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் அடுப்புக்கு வாயு. பியூட்டேனின் கொதிநிலை பூச்சியத்துக்கு அரைப்பாகை கீழே. புரொப்பேனுக்கோ 42 பாகை கீழே. வெளியே 5 பாகை உறைகுளிரில் நின்ற எங்கள் பியூட்டேன், போத்தலில் அடைத்த தண்ணீரைப் போலச் சும்மா இருந்தது. எங்கள் நாட்டு வெப்பத்திலோ புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனினுடையதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கொழும்பில் கலவை விகிதம் ஏன் அவ்வளவு பெரிய சர்ச்சையானது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வானை விற்றவர் கோடையில் மாத்திரம் பயணித்தவராக இருக்க வேண்டும்.

சிலிண்டரை உள்ளே கொண்டுவந்து சூடாக்கலாமா என்று மருமகன் கேட்டான். அவனை இம்முறை நான் தடுத்தேன். இந்த வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும். வால்வை மூடி, குழந்தையை ஆசனத்தில் கட்டி, இயந்திரத்தின் சூட்டை நம்பி இன்வர்னஸ் நோக்கிப் புறப்பட்டோம். ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வழியெங்கும் ஒருவரும் பேசவில்லை.

காலையில் அங்கே சிவப்பு நிறப் புரொப்பேன் சிலிண்டரையும், அதற்கான வேறு வகைக் குழாயையும், ஒரு புதிய அலாரத்தையும் வாங்கினோம். இரண்டின் வாய்களும் வேறு; நீலத்தின் குழாய் சிவப்புக்குப் பொருந்தாது. சுவரில் பொருத்தியிருந்த ரெகுலேற்றர் இரண்டுக்கும் பொதுவானதென்பதால் அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இணைப்பில் சவர்க்கார நுரையைப் பூசி, குமிழி வருகிறதா என்று குழந்தையைக் கொண்டே பார்க்கச் செய்தான் மருமகன். "ஒன்றுமில்லை, தாத்தா" என்றாள் அவள், சற்று ஏமாற்றத்துடன். ஹீற்றர் முதல் தடவையிலேயே பற்றியது.

நீலச் சிலிண்டர் இப்போது லண்டன் வீட்டின் பின்புறத்தில் கோடையில் தோசை சுடப் பயன்படுகிறது. கரி அடுப்பைப் படிவரை தூக்கி வந்த விடயத்தை என் தங்கைக்கு நாங்கள் மூவரும் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவள் அறியப் போகிறாள்.