சிவகாசியில் சத்தம் போடாத கார்!

தீபாவளி நெருங்கினால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கிலிருந்து ஒருவர் சிவகாசிக்குப் போயாக வேண்டும். புது ரகப் பட்டாசு, கிஃப்ட் பாக்ஸ் விலை, கூடவே 'மக்களே உஷார்' என்று ஒரு வீடியோ. இந்த வருடம் என் முறை. எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, திருத்தங்கலில் ஒரு டீக்கடை வாசலில் நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். முன்னால் பேப்பர் ரீல் ஏற்றிய லாரி, பின்னால் டவுன் பஸ், நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு போர்ஷே கேமேன்!

சென்னை ஈ.சி.ஆரில் ஞாயிறு காலையில் இந்த மாதிரி கார் வந்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். இது ஷேர் ஆட்டோவைவிட அமைதியாக வந்தது. வேகத்தடை அருகே நின்றது. ஓட்டியவர் இறங்கி, முன்பக்க டிக்கியைத் திறந்து (இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் முன்னாலும் ஒரு டிக்கி உண்டு) இரண்டு பலகைகளை எடுத்தார். வேகத்தடைக்கு முன்னால் அவற்றைச் சரிவாகப் போட்டு, காரைக் கோணலாக ஏற்றி இறக்கினார். பலகைகளை மறுபடி உள்ளே வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

"அண்ணாச்சி வண்டி. தல ஓட்டுற கம்பெனி" என்றார் டீ மாஸ்டர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி போர்ஷே காரில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, இந்தப் பக்கம் சின்னப் பையனுக்குக்கூட அந்த கம்பெனி பெயர் தெரிகிறது.

அண்ணாச்சிக்கு சிவகாசியில் அச்சகம். 1923இல் இந்த ஊரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு. இரண்டுக்கும் லேபிள் வேண்டுமே, அதனால் அச்சகங்கள். அண்ணாச்சியின் அப்பா லேபிள் அடித்தார். இவர் லேபிளோடு காலண்டரும் அடிக்கிறார்.

"பேர் போடாதீங்க தம்பி. உங்களுக்கு லைக் வரும், எனக்கு இன்கம்டாக்ஸ் வரும்" என்று சிரித்தார்.

கார் ஆசை வந்ததே அச்சகத்தில்தானாம். சின்ன வயதில் வெளிநாட்டு கார் படம் போட்ட காலண்டர் ஒன்று மெஷினில் ஓடியது. நாலு கலரும் சரியாக உட்காராத தாள்களைக் கழித்துக் கட்டுவார்கள். அதில் ஒன்றை எடுத்துப் போய்த் தன் அறையில் ஒட்டினார். சிவப்பு கார், அதன் ஓரத்தில் இன்னொரு நீல நிழல் கார். "ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அது ஒரே காருன்னு!"

இந்த மஞ்சள் கேமேன் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. புதிதாக வாங்கியிருந்தால் இறக்குமதி வரியிலேயே விலை இரட்டிப்பைத் தாண்டும். அதற்கு மேல், 20 லட்ச ரூபாய்க்கு அதிகமான காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி மட்டும் 20 சதவிகிதம். கார் 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 275 குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தை ஆறு நொடிக்குள் தொட்டுவிடும். சிவகாசிக்குள் இதன் சராசரி வேகம் 25 என்கிறார். சர்வீஸ் என்றால் லாரியில் ஏற்றி சென்னைக்கோ கொச்சிக்கோ அனுப்ப வேண்டும். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் திரவமும் ஒரு சின்ன பம்பும் மட்டும்தான். ஊரே சீமைக்கருவேல முள்!

அப்படியென்றால் எதற்கு இந்த கார்? அதைக் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் கியருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டனைக் காட்டினார். சைலன்ஸருக்குள் இருக்கும் ஒரு தடுப்பைத் திறக்கிற பட்டன். அதை அமுக்கினால் இன்ஜினின் முழுக் குரல் வெளியே வரும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மிச்ச பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய் எரியும். 'பட் பட்'டென்று வெடிக்கும். நகரங்களில் இந்த வெடிச் சத்தத்துக்காகவே பையன்கள் தனியாகக் காசு கொடுத்து வேலை பார்க்கிறார்கள்.

"நாலு வருஷமாச்சு. இந்தப் பட்டனை மாவட்டத்துக்குள்ள ஒரு தடவைகூட அமுக்கல" என்றார்.

காரணத்தை மதினிதான் சொன்னார், வீட்டில் காபி கொடுத்துக்கொண்டே. அவருடைய அப்பா பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். மதினி ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு விபத்தில் போய்விட்டார். அதை ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல டமார்னு கேட்டா யாரும் தீபாவளின்னு நினைக்க மாட்டோம் தம்பி. வாசலுக்கு ஓடிவந்து, எந்தத் திசையில புகை தெரியுதுன்னு பாப்போம். அப்புறம் அந்தப் பக்கம் வேலைக்குப் போன ஆளுகளுக்கு போன் போடுவோம். எடுத்துட்டா உசுரு வரும்."

இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்கிற ஊர். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த அளவு சத்தத்தைப் பெட்டி பெட்டியாக நாடு முழுக்க அனுப்புகிறவர்கள் இவர்கள். ஆனால் இங்கே சத்தம் என்றால் அர்த்தம் வேறு. என் உஷார் வீடியோவில் இது இல்லை. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

முந்தின நாள் ஓர் ஆலைக்குள் போயிருந்தேன். வண்டி, செல்போன் எல்லாம் வெளியே. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி அறைகள்; ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போகும் முன் செம்புத் தகட்டில் கை வைத்து உடம்பில் இருக்கும் நிலை மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். இரும்புச் சாமான் ஆகாது, நைலான் சேலை ஆகாது. மருந்து கலக்கிறவர்கள் வெயில் ஏறும் முன் வேலையை முடித்துவிடுகிறார்கள். அங்கே யாருமே சட்டென்று திரும்புவதில்லை, எதையும் 'தொப்'பென்று வைப்பதில்லை. இவ்வளவும் சரியாக நடந்தால்தான் அன்றைய நாள் சாதாரண நாள். நடக்காத நாள்களும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை ஊரில் யாரிடமும் நான் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்.

"ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர் போறோம். பட்டன் அமுக்குறதைப் பாக்கணும்னா வாங்க" என்றார் அண்ணாச்சி. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. வருடத்துக்கு மூன்று நான்கு முறை, சொந்த காரைக் கொண்டுவந்து ஓட்டுகிறவர்களுக்கான நாளில் போய்விடுவாராம். இந்த முறை மதினியும் வருகிறார், முதல் தடவையாக. ஏன் என்று கேட்டேன்.

"விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துருவோம்னுதான்."

2018 அக்டோபரில் சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதோடு பேரியமும் போனது. எந்த ரகம் நின்றாலும் அந்த ரகத்தின் லேபிளும் நிற்கும். அன்றிலிருந்து அண்ணாச்சிக்குப் பட்டாசு லேபிள் ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. காலண்டரையும் செல்போன் பாதி தின்றுவிட்டது. "மெஷின் தவணையா, காரான்னு வந்தா என்ன பண்றது?" என்றார். கார் புரோக்கர் ஒருவர் வாரம் இரண்டு முறை பேசுகிறாராம்.

சனிக்கிழமை இரவு விருதுநகரில் தங்கினேன். எண்ணெயில் முக்கி எடுத்த பரோட்டா. ஊரில் பாதி அந்த நேரம் கடை வாசலில்தான் நிற்கிறது. விருதுநகர் தந்த மனிதர் ஒருவரின் கார் நம்பரைத் தமிழ்நாட்டில் பெரியவர்கள் இன்னும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: எம்.டி.டி. 2727, காமராஜரின் கருப்பு செவர்லே. பரோட்டாக் கடையில் போர்ஷே பற்றிப் பேச்சை எடுத்தால் அந்த செவர்லேவில் வந்து நிற்கிறது!

ஞாயிறு காலை நான்கு மணிக்கு மஞ்சள் கார் வந்தது, பின்னாலேயே மகன் ஓட்டிய இன்னோவா. அதில் மதினி, நான்கு பழைய டயர் மாட்டிய வீல்கள், ஜாக்கி, 40 லிட்டர் தண்ணீர், இட்லி. இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரில் மதினிக்குப் பதிலாக நான். சீட்டில் உட்கார்ந்ததும் பக்கத்தில் போன லாரியின் வீல் நட்டு என் கண்ணுக்கு நேராக இருந்தது.

மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம். ஐந்து மணி நேரம். நான்குவழிச் சாலையில் ஸ்விஃப்ட்டுகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒருவர் கண்ணாடியை இறக்கி 'வாங்க' என்று சைகை காட்டினார். அண்ணாச்சி கையாட்டி வழியனுப்பினார். "ரோட்டுல வேகமாப் போறதுக்கு கார் வேண்டாம், கொழுப்பு போதும்" என்றார்.

தமிழ்நாட்டுக்குப் பந்தயம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளமான சோழவரத்தில் பல வருடங்கள் நடந்தது. பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்குத் தனித் தடமே வந்தது. கோவையின் கரிவர்தன் சின்னச் சின்ன பந்தய கார்களை இங்கேயே செய்து பையன்களை ஓட்ட வைத்தார். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில்தான் செட்டிபாளையம் தடம். 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்.

தடம் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். முதலில் ஒரு தாளில் கையெழுத்து: என்ன ஆனாலும் என் பொறுப்பு. சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. இங்கே இடித்தால் முழுச் செலவும் கையிலிருந்துதான். மதினி அந்தத் தாளை முழுக்கப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் நடந்ததைப் பார்க்க எனக்கு அந்தப் பட்டாசு ஆலைதான் ஞாபகம் வந்தது. காருக்குள் தண்ணீர் பாட்டில், சில்லறை, பிள்ளையார் சிலை எதுவும் இருக்கக் கூடாது, எல்லாம் வெளியே. பழைய வீல்களை மாட்டி, ஒவ்வொரு நட்டையும் அளவாக முறுக்கினார்கள். சூட்டில் டயருக்குள் காற்றழுத்தம் ஏறும் என்பதால் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கினார்கள். பிரேக் ஆயிலை இரண்டு நாள் முன்பே மாற்றியாகிவிட்டது. அதற்கும் ஒரு கதை உண்டு. முதல் முறை வந்தபோது பழைய ஆயிலோடு ஓட்டினாராம். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பிரேக் சூடேறினால் கொதிக்கும். ஆறாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கார் வளைவைத் தாண்டி மண்ணில் நூறு அடி ஓடித்தான் நின்றது.

"மதினிக்குத் தெரியுமா?" என்றேன் மெதுவாக. "இப்ப நீங்க சொல்லாம இருந்தா தெரியாது."

கொடி அசைந்தது. முதல் சுற்று டயர் சூடேற, மெதுவாக. இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதைக்குள் வந்தபோது அவர் பட்டனை அமுக்கிவிட்டார் என்று தெரிந்தது. சத்தம் முதலில் வயிற்றில் கேட்டது, பிறகுதான் காதில். கோடை இடி தூரத்தில் உருளாமல் நம் பக்கம் உருண்டு வருவது போல. வளைவுக்கு முன்னால் காரை நேராக வைத்து பிரேக், அப்புறம்தான் ஸ்டீயரிங். காலை எடுத்த நொடியில் பட், பட், பட்டென்று மூன்று வெடி.

மதினி சட்டென்று வானத்தைப் பார்த்தார். இடது பக்கம், வலது பக்கம். அப்புறம் நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது சுற்றிலும் அதே இடம், அதே மூன்று வெடி. தோள் குலுங்கியது, ஆனால் வானத்தைப் பார்க்கவில்லை. நான்காவது சுற்றில் தடுப்புச் சுவர் பக்கம் இரண்டடி நகர்ந்து நின்றார். ஐந்தாவது சுற்றில் கார் நேர்ப்பாதையில் வரும்போதே என் கையைத் தட்டி, "இப்ப வரும் பாருங்க" என்றார். வந்தது!

பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைசிச் சுற்றை பிரேக்கே போடாமல் மெல்ல ஓட்டி, சூட்டைத் தணித்துக்கொண்டு வந்தார். சூடான பிரேக்கில் ஹேண்ட் பிரேக் போடக் கூடாதாம். மகன் வீலுக்கு அடியில் கல் வைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றிய அண்ணாச்சி முதலில் மதினியின் முகத்தைத்தான் பார்த்தார்.

"அந்த ரெண்டாவது வளைவுல மட்டும் ஏன் லேட்டா பிரேக் போடுறீங்க?" என்று கேட்டார் மதினி.

திரும்பும்போது நான் இன்னோவாவில். மஞ்சள் காரில் அவர்கள் இருவரும். ராத்திரி பத்து மணிக்கு விருதுநகரில் என்னை இறக்கிவிட இரண்டு வண்டியும் ஊருக்குள் வந்தன. கேமேன் மறுபடி பூனையாகிவிட்டது. விற்பதைப் பற்றி மகனிடம் கேட்டேன். "புரோக்கர்கிட்ட தீபாவளி முடியட்டும்னு அம்மாதான் சொல்லியிருக்காங்க. ஆர்டர் எப்படி வருதுன்னு பாத்துட்டு..." என்றான்.

லாட்ஜ் தெருவில் ஒரு வேகத்தடை. கார் நின்றது. இரண்டு கதவும் திறந்தன. அண்ணாச்சி டிக்கியைத் திறந்து ஒரு பலகையை எடுத்தார். இன்னொன்றை மதினி எடுத்துப் போட்டார்.