படுவான்கரைக்குப் போகும் வழியில்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் இரவு பஸ் வெலிக்கந்தையைத் தாண்டும்போது பொழுது விடியத் தொடங்கும். அடுத்து புனானை. இருபுறமும் காடும் வெளியுமாகக் கிடக்கும் அந்த இடத்தில் பென்னாம்பெரிய கட்டடத் தொகுதி ஒன்று எழுந்து நிற்கிறது. மட்டக்களப்பு கெம்பஸ் என்று பெயர். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு அது அரசியல் சர்ச்சையாக இருந்தது. 2020 மார்ச் 10ஆம் திகதி இத்தாலியிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வந்து இறங்கியவர்களைப் பஸ்களில் ஏற்றி இங்கேதான் கொண்டுவந்தார்கள். நாட்டின் முதல் தனிமைப்படுத்தல் நிலையங்களுள் ஒன்றாக அது மாறியது. இலங்கையர் ஒருவருக்கு உள்நாட்டிலேயே கொரோனாத் தொற்று உறுதியானதும் அதே வாரத்தில்தான்.

மட்டக்களப்பில் அப்போது எதிர்ப்பு எழுந்தது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குண்டு வெடித்துச் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அது. ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு முன்னர் 2004 சுனாமி, அதற்கும் முன்னரே தொடங்கி 2009வரை நீண்ட யுத்தம். இப்படி அடிமேல் அடி வாங்கிய ஊருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள் என்றால் பயம் வராதா? பத்து நாளில், மார்ச் 20 மாலை ஆறு மணிக்கு, நாடு முழுவதற்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. எங்கள் சனத்துக்கு ஊரடங்கு புதிது அல்ல. துப்பாக்கி பிடித்தவனுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தவர்கள், இம்முறை பக்கத்து வீட்டாரின் இருமலுக்குப் பயந்து இருந்தார்கள். அதுதான் புதிது.

ஓட்டமாவடியில் இறங்கினேன். அங்கிருந்து மஜ்மா நகருக்கு ஓட்டோ பிடித்தேன். போகும் காரணத்தைச் சொன்னதும் சாரதி வேறெதுவும் கேட்கவில்லை, வாடகையும் பேசவில்லை. சூடு பிடிக்கத் தொடங்கிய மணல் வீதி, இடையிடையே மாடுகள். பிறகு கொரோனாவால் இறந்தவர்களை அடக்கிய அந்த மையவாடி.

வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். வரிசை வரிசையாக மண்மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் இலக்கமிட்ட கல். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஊர் மையவாடிகளில் காண்கிற ஒழுங்கீனம் இங்கே இல்லை. அங்கே வாப்பாவுக்குப் பக்கத்தில் மகன், அவருக்குப் பக்கத்தில் மச்சான் என்று குடும்பம் குடும்பமாகக் கிடப்பார்கள். இங்கே பக்கத்தில் கிடப்பவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஒரு கல்லுக்குமேல் யாரோ சிறு போத்தலில் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அருகில் நட்டிருந்த செடி பாதி காய்ந்திருந்தது.

கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசு வர்த்தமானி வெளியிட்டது. புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் இலங்கை அசையவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து இருபதே நாளான குழந்தையொன்றைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தபோது, பொரளை மயானத்து வேலியில் சனங்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவப் பாதிரிமாரும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25இல்தான் உத்தரவு மாறியது. முதலில் இரணைதீவு என்றார்கள், அங்குள்ள மீனவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. ஒரு வருடம் கழித்து மற்ற இடங்களிலும் புதைக்க அனுமதி கிடைக்கும்வரை 3,600க்கும் மேற்பட்டவர்கள் இங்கே அடக்கமானார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

“ராவைக்குத்தான் கூடுதலா வரும். ஆமி வாகனம் முன்னால போகும். நாங்க வாசல்ல நிண்டு துஆ கேப்பம். ஆரெண்டு தெரியாதுதானே, ஆருக்கெண்டாலும் கேக்கிறதுதான்.” ஓட்டோச் சாரதி இவ்வளவுதான் சொன்னார். பிறகு இப்போது யார் வருகிறார்கள் என்று கேட்டேன். கொழும்பு, பேருவளை, அக்குறணை என்று தூரத்திலிருந்து வருகிறார்களாம். கையில் இலக்கம் எழுதிய துண்டு இருக்குமாம்.

நோய் எடுத்துக்கொண்ட உயிரை யாராலும் திருப்பித் தரமுடியாது. ஆனால் குளிப்பாட்டுவது, கபனிடுவது, தோளில் சுமப்பது, பிடி மண் போடுவது என்று கைகளுக்கு வேலை இருக்கும்வரை மனிதன் துக்கத்தைத் தாங்கிவிடுகிறான். அந்த வேலையை அவன் கையிலிருந்து பிடுங்கச் சொல்லி எந்த விஞ்ஞானமும் கேட்கவில்லை. மட்டக்களப்பில் அந்த வருடங்களைப் பற்றி யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது: என்ன நோய் வந்தது என்பதைவிட, யாருக்கு என்ன செய்ய முடியாமல் போனது என்பது.

வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகத்தை எட்டிப் பார்த்தேன். 2020 ஒக்டோபர் 21ஆம் திகதியளவில் கொழும்புக்கு வெளியே பேலியகொடை மீன்சந்தையில் தொற்று வெடித்தது. நாடெங்கிலுமிருந்து மீன் போய்ச் சேரும் சந்தை அது. இங்கிருந்து மீன் லொறியோடு போய்வந்தவர்கள் வழியாகச் சில நாட்களிலேயே நோய் வாழைச்சேனைக்கு வந்தது, பொலிஸ் பிரிவு முடக்கப்பட்டது. மீன் என்றாலே சனம் ஒதுங்கியது. அந்த நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகச் சந்திப்பிலேயே பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டினார். மீனவர்களுக்காக ஒருவர் அப்படிச் செய்யவேண்டி வந்ததே என்று அன்று டிவியில் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

கடல் மீனுக்கு ஐஸ் வேண்டும், லொறி வேண்டும், கொழும்பு வேண்டும். இதில் ஒன்று அறுந்தாலும் ஆழ்கடல் படகு கரையில்தான். வாவி மீனுக்கு இவை ஒன்றும் வேண்டாம். விடியப்புறம் தோணியில் போய் வலை வீசினால் திரளியோ மணலையோ கொஞ்சம் இறாலோ படும். கரையிலேயே நாலு வீடு வாங்கிப் போகும். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி அந்த மாதங்களில் எத்தனை அடுப்புகளை எரிய வைத்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அரசு கொடுத்த ஐயாயிரம் ரூபாயைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் அது தீர்ந்த பிறகும் வாவி இருந்தது.

மட்டக்களப்பு நகரில் அதிகம் நிற்கவில்லை. காத்தான்குடியைத் தாண்டும்போது, 2021 ஜனவரியில் அந்த ஊர் முழுதாக அடைபட்டுக் கிடந்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய ஊர். அங்கே இடைவெளி விட்டு நில் என்றால் எங்கே போய் நிற்பது? ஆரையம்பதியில் திரும்பி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தேன். 2014இல் ஜப்பான் உதவியோடு கட்டிய பாலம் இது. அதற்கு முன்னர் பாதை எனப்படும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். பாதை நிற்கிற இரவில் வருத்தம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் இந்தப் பாலம் இருந்தது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் பெரிய கொடுப்பினை என்பேன். தெற்கே மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் அப்போதும் பாதைதான்.

பெரியம்மாவின் வீடு கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வயல் ஓரம். 2021 மே மாதம் பயணக்கட்டுப்பாடு வந்தபோது நான் வெள்ளவத்தையில் ஒரு அறைக்குள் இருந்தேன். தினமும் தொலைபேசியில் எங்களுக்குள் ஒரே பேச்சுத்தான். நான் “வெளியே போகாதீங்க” என்பேன். அவர் “நீ சாப்பிட்டியா மனே” என்பார். பதற்றம் முழுவதும் என்னிடம்தான் இருந்தது. ஏனென்று இம்முறை அவர் முற்றத்தில் இருந்தபோது புரிந்தது. எனக்குச் செய்தி பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. அவருக்கு விடிந்தால் மாடு, மதியம் நெல் காயவைப்பது, மாலையில் சிவப்புத் தாள் ஒட்டிய வீடுகள்.

நோயாளி இருந்த வீட்டின் படலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போவார். பதினான்கு நாள் யாரும் வெளியே வரக்கூடாது. “தாள ஒட்டிப்போட்டு அவர் பொயித்தார். மறுகா அந்த வீட்டுப் புள்ளயளுக்கு ஆர் சோறு குடுக்கிற? நாங்கதான் குடுத்த” என்றார் பெரியம்மா. வேலியோரம் ஒரு கதிரையை வைத்தார்களாம். அதில் சோற்றுப் பார்சலையோ தயிர்ச் சட்டியையோ வைத்துவிட்டு, விலகி நின்று குரல் கொடுப்பது. உள்ளிருந்து வந்து எடுப்பது. தயிருக்குப் பஞ்சமில்லை. கொழும்புக்குப் போகவேண்டிய தயிரெல்லாம் ஊரிலேயே நின்றுவிட்டது. மஞ்சளுக்குத்தான் பஞ்சம். இறக்குமதியை நிறுத்தியதால் கிலோ ஆயிரக்கணக்கில் போனது. தமிழ்நாட்டிலிருந்து கடல்வழியாகக் கடத்திவந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடித்தது அடிக்கடி செய்தியில் வரும். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கவேண்டிய காலத்தில் மஞ்சள் கிடைக்கவில்லை. பெரியம்மா வளவில் இரண்டு பாத்தி நட்டார். இப்போது அது ஐந்து பாத்தி.

அடுத்த வீட்டுப் பெட்டை அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. ஒன்லைன் பாடத்துக்குச் சிக்னல் தேடிக் குளக்கட்டுக்கு நடந்தாளாம், தாயின் போனோடு. தாய் குடைபிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாராம். ஓ.எல். எடுத்துவிட்டாள். கணக்கில் விட்டுப்போன பகுதி விட்டுப்போனதுதான் என்று அவளே சொன்னாள். அதை யாரும் அவளுக்குத் திரும்பிப் படிப்பிக்கவில்லை.

நான் போனது கண்ணகி அம்மன் சடங்குக்கு. மட்டக்களப்பில் வாவியின் இரு கரையிலும் கண்ணகி கோயில்கள் நிறைய. வருடம் முழுவதும் அடைத்துக் கிடக்கிற கோயில்கள் வைகாசியில் திருக்கதவு திறக்கும். கல்யாணக்கால் நடுவார்கள், பெண்கள் நெல் குற்றுவார்கள், கடைசி இரவில் குளிர்த்தி. மதுரையை எரித்த கோபம் தணிய அம்மனைக் குளிர்விப்பது. அம்மை, கொள்ளை, வறட்சி எல்லாம் அவள் சூடு என்று எங்கள் முன்னோர் எண்ணினார்கள். பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள், குளிர்த்தி நிற்கவில்லை.

2021இல் வைகாசிப் பூரணை மே 26ஆம் திகதி. பயணக்கட்டுப்பாடு தொடங்கியது 21ஆம் திகதி இரவு. நோய் தணிக்கும் சடங்குக்கு நோயால் யாரும் போக முடியாத வருடம். இந்த ஊரில் கோயில் பூசகரான கட்டாடியாரும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரும் மட்டும் உள்ளே நின்று செய்தார்கள். சனம் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, கோயில் திசையைப் பார்த்து நின்றது. ஒலிபெருக்கியில் கேட்ட குளிர்த்திப் பாட்டுக்கு வீட்டுக்குள்ளேயே அழுதவர்கள் பலர். அதே வருடம் ஆவணிப் பூரணை ஓகஸ்ட் 22; நாடு மறுபடி முடங்கியது 20ஆம் திகதி இரவு. மண்டூர் முருகனின் தீர்த்தக் காலம் அது. பூசகர் வெள்ளைத் துணியால் வாய்கட்டிப் பூசை செய்கிற கோயில் மண்டூர். அந்த வருடம் வாசலில் நின்றவர்களும் வாய்கட்டியே நின்றார்கள்.

நான் கேட்க விரும்பியது வேறொன்று. சடங்குக்கென்று வீடுவீடாகச் சேர்த்த அரிசி அந்த வருடம் என்னவாயிற்று? கட்டாடியாரிடமே கேட்டேன். மெலிந்த, பேச்சில் அவசரமில்லாத மனிதர். “அம்மாளுக்குச் சேத்த அரிசி. அம்மாள்ர புள்ளயள் பசியோட கிடக்கக்குள்ள அத வெச்சிருக்கேலுமா? தாள் ஒட்டின வீட்டுக்கெல்லாம் பங்கு வெச்சிக் குடுத்த நாங்க. ஒரு வீடு வேதக்கார வீடு, அதுக்கும்தான்.” வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர்கள். எந்த அலுவலகமும் சொல்லி அவர்கள் அதைச் செய்யவில்லை. அதிகாரிகள் தடுக்கவுமில்லை. தங்கள் கையால் செய்யும் வழி ஓட்டமாவடியில் மூடப்பட்டது, இங்கே திறந்தே இருந்தது. அதனால் இந்தச் சனம் அந்த வருடத்தைப் பற்றித் தலைநிமிர்ந்து பேசுகிறது.

இவ்வருடம் குளிர்த்தி இரவில் கோயில் வெளி நிறைந்து வழிந்தது. பானைகளில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீர். பாட்டு உச்சத்துக்குப் போனபோது கட்டாடியார் வேப்பங்கொத்தால் அள்ளி வீசினார். என் கண்ணிமையில் விழுந்த துளி உண்மையாகவே குளிர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் முகக்கவசம் போட்டிருந்தார்; நீர் வந்தபோது மட்டும் அதை இறக்கிவிட்டு முகத்தைக் காட்டினார். சனம் போத்தல்களோடு நெருக்கியடித்தது. வரமுடியாமல் படுத்திருக்கிறவர்களுக்குக் கொண்டுபோக.

மறுநாள் காலை கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். வரவுசெலவு படித்தார்கள். சடங்கு அரிசியை நம்பியிருக்காமல், வருடம் முழுவதும் வீட்டுக்கு வீடு கிழமைக்கொரு தரம் பிடியரிசி எடுத்துவைத்தால் என்ன என்று வாசிகசாலைப் பொடியன் ஒருவன் கேட்டான். வெள்ளம் வரும், காய்ச்சல் வரும், மறுபடியும் ஊர் அடைபடும், அப்போது ஓடித்திரியக் கூடாது என்றான். நல்ல யோசனை என்றார்கள். யார் கையில் வைப்பது என்பதில்தான் இழுபறி. கோயிலில் வைத்தால் வேதக்காரர் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்றார் பெரியம்மா. சங்கக் கட்டடத்தில் எலி என்றார் இன்னொருவர். வெயில் ஏறும்வரை பேசினார்கள். அரிசி மூன்று பெண்களின் வீடுகளில் பிரித்து இருக்கட்டும், கணக்கைப் பொடியன்கள் எழுதட்டும், யாருக்குக் கொடுத்தது என்ற பெயரைக் கூட்டத்தில் வாசிக்கக்கூடாது என்று முடிவாயிற்று.