விடியும்வரை

எனக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்ல என்னிடம் ஒரே ஒரு பாடம்தான் முழுதாக இருக்கிறது. அதை நான் கற்றது ஒரு வெள்ளை ஒயினிடம். குடியால் சிதைந்த குடும்பங்களை நானும் கண்டவன். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு பயிரைப் பற்றியும் அதற்குக் காவல் இருப்பவர்களைப் பற்றியும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1974ல் காரைக்காலிலிருந்து பாரிஸுக்குப் போனேன். ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். இரண்டு ஆண்டு கழித்து என்னைச் சிப்பி திறக்கும் மேசைக்கு மாற்றினார்கள். குளிர்காலம் முழுவதும் இடது கையில் தடித்த துணி, வலது கையில் குட்டைக் கத்தி, எதிரே நொறுக்கிய பனிக்கட்டி. அந்தச் சிப்பித் தட்டுகளோடு மேசைக்குப் போகும் ஒயின் பெரும்பாலும் ஷாப்ளி என்ற ஊரின் வெள்ளை ஒயினாக இருக்கும். எங்கள் உணவகத்தின் ஒயின் நிலவறையைப் பார்த்துக்கொண்ட பெரியவர் அந்த ஊரில் பிறந்தவர். ஒருநாள் வேலை முடிந்ததும் ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்தார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திராட்சை என்றால் இனிக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். இதில் இனிப்பே இல்லை. பச்சை ஆப்பிளைக் கடித்தாற்போல் ஒரு புளிப்பு. அதன் பின்னால் எலுமிச்சைத் தோல், மழையில் நனைந்த கல்லின் வாசம், நாக்கின் ஓரத்தில் லேசான உப்பு. விழுங்கியதும் வாய் ஊறியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இனிப்பைத் தேடாதே. இது வேலையை முழுதாக முடித்த ஒயின்."

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

பழச்சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று மதுசாரமாக மாற்றுகிறது. அந்த நொதித்தல் பாதியில் நின்றாலோ நிறுத்தப்பட்டாலோ மிச்சச் சர்க்கரை இனிப்பாகத் தங்கும். அப்படிச் செய்யும் அருமையான ஒயின்களும் உண்டு. ஷாப்ளியில் ஈஸ்ட் கடைசிவரை போகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர் தன் வேலையை மிச்சம் வைக்காமல் முடிப்பதால்தான் அது இனிக்காத ஒயின் ஆகிறது. குறை எதையும் இனிப்பைப் போர்த்தி மறைக்க முடியாது. பழமும் மண்ணும் அந்த ஆண்டின் வானமும் எப்படியிருந்தனவோ அப்படியே நாக்கில் தெரியும்.

அந்தப் புளிப்பு குளிரின் கொடை. பாரிஸுக்குத் தென்கிழக்கே, பர்கண்டிப் பகுதியின் வடகோடியில், செரேன் என்ற சின்ன ஆற்றின் இரு கரைச் சரிவுகளிலும் ஷாப்ளியின் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே வளர்வது ஷார்டொனே என்ற ஒரே திராட்சை வகை. வெப்பமான நாட்டில் அதே ஷார்டொனே விரைவாகப் பழுத்துப் புளிப்பை இழந்துவிடும். இங்கே மெதுவாகப் பழுக்கிறது. குளிர்ந்த இரவுகள் அந்தப் புளிப்பைக் கரைய விடுவதில்லை. மண்ணும் தனி. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடியாக இருந்தது. வெளிர்நிறச் சுண்ணாம்புக் களிமண்ணைக் கிளறினால் நகத்தளவு சிப்பிகள் கல்லாகிக் கிடக்கும். பாரிஸில் நான் கத்தியால் திறந்த சிப்பியின் தொன்மையான உறவுகள் அந்த ஒயினின் வேருக்கடியில் கிடக்கின்றன என்று அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் குணத்தைக் கொடுக்கும் அந்தக் குளிர்தான் அந்தப் பயிருக்கு எமனும். ஷார்டொனே முந்திக்கொண்டு துளிர்க்கும் கொடி. ஏப்ரலில் பச்சை மொட்டு வெளியே வந்த பிறகு ஓர் உறைபனி இரவு வந்தால், ஒரு வருட உழைப்பு விடிவதற்குள் கருகிவிடும். மே மாதத்து நடுவில் வரும் மூன்று புனிதர்களின் நாட்கள் கடந்தால்தான் உழவர்கள் மூச்சு விடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தது. ரயில் வந்ததும் தெற்கத்திய மலிவு ஒயின் பாரிஸ் சந்தையைப் பிடித்தது. பிறகு போர்கள், திரும்பத் திரும்ப உறைபனி. 1950களில் ஷாப்ளியில் மிஞ்சியது சுமார் 500 ஹெக்டேர்தான். இன்று அது 5,000 ஹெக்டேருக்கும் மேல். இடையில் என்ன நடந்தது என்பதை நான் நேரில் பார்த்தேன்.

ஓர் ஏப்ரலில் அந்தப் பெரியவர் என்னைத் தன் ஊருக்கு அழைத்துப் போனார். நடுநிசியில் எழுப்பினார். சில சரிவுகளில் கொடி வரிசைகளுக்கு நடுவே அடுப்புகள் எரிந்தன. வேறு சில தோட்டங்களில் அடுப்பே இல்லை; கொடிகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உறையும் குளிரில் தண்ணீரா என்று பதறினேன். அவர் விளக்கினார். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது தன்னுள் இருக்கும் வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் மொட்டைச் சுழியத்தை ஒட்டியே வைத்திருக்கும். வெளியே சுழியத்துக்குக் கீழே சில டிகிரி குளிர்ந்தாலும் பனிக்கூட்டுக்குள் மொட்டு பிழைத்துக்கொள்ளும்.

"ஆனால் ஒன்று," என்றார். "நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், தண்ணீரே படாத மொட்டைவிட நனைந்த மொட்டுக்குத்தான் ஆபத்து."

ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். உறையும்போது தருவதைப்போல் ஏழு மடங்குக்கும் மேலாக உறிஞ்சும். ஆகவே சூரியன் ஏறிப் பனிக்கூடு உருகத் தொடங்கும்வரை தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். குழாய் அடைத்தாலும் எந்திரம் நின்றாலும், காப்பதற்காகத் தெளித்த ஈரமே மொட்டைக் கொன்றுவிடும்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் தம்பி நினைவுக்கு வந்தான்.

1978ல் அவன் பள்ளிப் படிப்பை முடித்தபோது ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. நான்தான் கடிதம் எழுதினேன்: "அது வேண்டாம், பொறியியல் படி, பணம் நான் அனுப்புகிறேன்." இரண்டு ஆண்டு அனுப்பினேன். அதற்குள் எனக்குக் கல்யாணம், வீட்டுக் கடன். அனுப்புவது தேய்ந்து நின்றது. அவனிடம் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கடிதம் எழுதுவதையும் நிறுத்தினேன். அவன் கடன் வாங்கி ஓர் ஆண்டு இழுத்தான், பிறகு படிப்பை விட்டான். அந்தக் கடனை அடைக்கவே அவனுக்கு ஆறு வருடம் ஆனது.

இரண்டு வருடம் உதவினேனே, ஒன்றுமே செய்யாத அண்ணன்கள் எத்தனை பேர் என்று அதுவரை என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த இரவில்தான் கணக்கு புரிந்தது. நான் நனைத்துவிட்டு நிறுத்தியவன். என் தண்ணீர் படாதிருந்தால் அவன் ஆசிரியராகியிருப்பான்.

விடிந்தது. பனிக்கூடுகளுக்குள் ஒவ்வொரு மொட்டும் கண்ணாடிக்குள் வைத்த மரகதம்போல் மின்னியது. யாரும் குழாயை மூடவில்லை. வெயில் ஏறி, பனி தானாகக் கழன்று விழும்வரை காத்திருந்தார்கள். பிறகுதான் காப்பி குடிக்கப் போனார்கள்.

அந்த ஆண்டே ஊருக்குப் போய்த் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "நீங்க முதல்லயே முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் வாத்தியாராப் போயிருப்பேன், அண்ணே," என்றான். அவ்வளவுதான். ஷாப்ளியைப் போலவே இனிப்புப் பூசாத சொல். அதனால்தான் இன்றும் அது எனக்குள் கெடாமல் இருக்கிறது.

பிற்பாடு அவன் மகளின் படிப்புச் செலவை நான் ஏற்றேன். இந்த முறை வாய் திறப்பதற்கு முன் நான்கு ஆண்டுக்கான பணத்தைத் தனியாக வங்கியில் போட்டேன். அதற்கு எனக்கு மூன்று ஆண்டு பிடித்தது. அதையும் ஷாப்ளியிடம்தான் கற்றேன். ஷாப்ளிக்குப் பக்கத்தில் பேன் என்றொரு கிராமம். அங்கே ஓர் ஏரி இருக்கிறது. உறைபனி இரவுகளில் தெளிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதற்காகவே மனிதர் உண்டாக்கிய ஏரி. ஓர் இரவு முழுவதும் எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று கணக்குப் போட்டு, அதைத் தேக்கிவைத்துக்கொண்டுதான் அவர்கள் முதல் துளியைத் தெளிக்கிறார்கள்.

பிள்ளைகளே, உங்களைத் தேடி யாராவது வருவார்கள். தங்கை வருவாள், நண்பன் வருவான், வயதான பெற்றோர் வருவார்கள். அவர்கள் கண்ணீரைப் பார்த்ததும் "நான் இருக்கிறேன்" என்று சொல்லத் தோன்றும். சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். போதாதென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். அந்தச் சொல் புளிக்கும், ஆனால் அவர்கள் வேறு வழி தேட நேரம் இருக்கும். போதுமென்றால் தொடங்குங்கள். தொடங்கிவிட்டால், வெயில் வரும்வரை குழாயில் கை வைக்காதீர்கள்.